உள்ளே வைத்த கருவிக்கு யார் பொறுப்பு?

இரண்டு மாதம் முன்பு, கிளினிக் மூடும் நேரத்தில் ஒரு அம்மா ஏழு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "மேடம், முந்தாநாள்லேருந்து கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான். மிஷின்ல லைட் மட்டும் எரியுது."

பையனுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது காது கேளாதவர்களுக்கு உட்செவியில் வைக்கும் கருவி, வைத்து ஐந்து வருஷம் ஆகிறது. தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் காயிலை எடுத்துவிட்டு, எங்களிடம் சோதனைக்கென்று இருக்கும் காயிலை ஒட்டினேன். சட்டென்று அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தான். அவனுடைய காயில் வயர் செருகும் இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. ஆனால் அந்த மாடலின் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். புது வயர் வந்து சேரப் பதினெட்டு நாள். சோதனைக் காயில் ஒன்றே ஒன்றுதான் என்பதால் கொடுத்தனுப்பவும் வழியில்லை. பதினெட்டு நாளும் அந்தப் பிள்ளை வகுப்பில் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தான்.

இந்தக் கருவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1978-ல் மெல்போர்னில் காது மருத்துவர் கிரேம் கிளார்க் தன் முதல் நோயாளிக்குப் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். வெளியே இருக்கும் பிராசஸர் ஒலியைப் பிரித்து அனுப்ப, உட்செவியில் இருக்கும் மின்முனைகள் கேட்பு நரம்பை நேரடியாகத் தூண்டும். மனித உடலோடு இயந்திரத்தைச் சேர்த்ததில் இவ்வளவு பேருக்குப் பயன்பட்டது வேறு அதிகம் இல்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாகவே வைக்கிறார்கள். ஸ்விட்ச் ஆன் செய்யும் நாளில், கடித்துக்கொண்டிருந்த பிஸ்கட்டை வாயிலேயே நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைத் தேடும் குழந்தையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

மூளையில் சிப், ரோபோ கை, மனிதனை மிஞ்சிய மனிதன் என்று இப்போது பேசுகிறவர்களிடம் நான் கேட்பது, பத்து வருஷம் கழித்து இதைப் பழுதுபார்ப்பது யார் என்பதைத்தான்.

பார்வை இழந்தவர்களுக்கு ஆர்கஸ் 2 என்றொரு விழித்திரைக் கருவி வந்தது. கண்ணாடியில் கேமரா, விழித்திரையில் 60 மின்முனைகள். 2013-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். தயாரித்த செகண்ட் சைட் நிறுவனம் 2019-ல் அதைக் கைவிட்டது; அடுத்த வருஷம் பணமில்லாமல் பெரும்பாலான ஊழியர்களையும் அனுப்பிவிட்டது. வைத்துக்கொண்டவர்களின் கண்ணுக்குள் கருவி அப்படியே இருந்தது. உதிரிபாகமும் இல்லை, சர்வீஸும் இல்லை. போன் பழசானால் மாற்றலாம். கண்ணுக்குள் இருப்பதை எடுக்க மறுபடி அறுவைச் சிகிச்சை வேண்டும்.

நியூராலிங்க் என்ற நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்கு மூளையில் கருவி வைத்தது. மனிதக் கையால் கோக்க முடியாத அளவு மெல்லிய மின்முனை இழைகளை ரோபோதான் செருகியது. சில வாரங்களில் பல இழைகள் இடம் விட்டு விலகிவிட்டன. மென்பொருளை மாற்றிச் சமாளித்தார்கள். கை கால் அசையாத ஒருவர் நினைப்பாலேயே கர்சரை நகர்த்துவதற்காக அந்த அபாயத்தை ஏற்பது எனக்குப் புரிகிறது. எந்தக் குறையும் இல்லாதவர், நினைவாற்றல் கூடும் என்று அதே அபாயத்தை ஏற்பது புரியவில்லை. எங்கள் அறுவைச் சிகிச்சையிலேயே, காதில் மிச்சமிருக்கும் இயற்கையான கேட்கும் திறன் போய்விட வாய்ப்புண்டு. அதனால்தான் ஹியரிங் எய்ட் போதுமான குழந்தைக்கு இம்ப்ளான்ட் வேண்டாம் என்கிறோம்.

உடம்புக்குள் எதை வைப்பதாக இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். வாரண்டி எத்தனை வருஷம்? அதன் பிறகு வயருக்கும் பேட்டரிக்கும் என்ன விலை? இந்த மாடலை நிறுத்தினால் உள்ளே இருப்பதோடு புது மாடல் சேருமா? பழுதானால் மாற்றுக் கருவி தருவார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கருவி வைத்தபோது தரும் இம்ப்ளான்ட் அட்டையை ஆதார் போலப் பத்திரமாக வையுங்கள். போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காக்ளியர் இம்ப்ளான்டின் உள்பகுதியில் காந்தம் இருப்பதால், எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அந்த அட்டையை அங்கே காட்டியே ஆகவேண்டும்.