150 டன் தண்ணீரா, பத்துக் கிலோ பொடியா?

எங்காவது நிலம் குலுங்கினாலோ சண்டை மூண்டாலோ கோலாலம்பூரில் நம்மவர்களின் வாட்சாப் குழுக்களில் ஒரே மாதிரியான செய்தி ஓடத் தொடங்கிவிடும்: பழைய துணி, மினரல் வாட்டர், மீ பாக்கெட் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் மண்டபத்தில் கொடுத்துவிடுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது இந்த வழி கைகொடுத்தது. சமைத்த சோறு ஆறுவதற்குள் லோரியில் போய்விடும் தூரம்தானே. கடல் தாண்டிப் போக வேண்டிய உதவிக்குக் கணக்கே வேறு.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் கையேடு, குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்கிறது. 10,000 பேர் தங்கிய முகாம் என்றால் தினமும் 1,50,000 லிட்டர், அதாவது 150 டன். ஹெர்குலிஸ் ராணுவ விமானம் ஒரு தடவைக்குச் சுமார் 20 டன் தூக்கும். தண்ணீருக்காக மட்டுமே அது தினமும் எட்டு நடை போக வேண்டும். போத்தல் தண்ணீர் முதல் ஓரிரு நாளுக்குச் சரி. அதற்கு மேல் கட்டுப்படியாகாது.

பாதிக்கப்பட்ட ஊரில் தண்ணீர் இல்லாமல் போவது அபூர்வம். ஆறு இருக்கும், குளம் இருக்கும், குடிக்கத்தான் முடியாது. அதனால் தண்ணீரை அனுப்பாமல், அங்கிருப்பதைச் சுத்தம் செய்யும் வழியை அனுப்புகிறார்கள்.

முதலில் கலங்கலைத் தெளிய வைக்க வேண்டும். நுண்ணிய மண்துகள்களில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, மணிக்கணக்கில் அடியில் படியாமல் மிதக்கும். அலுமினிய உப்பைக் கரைத்தால் அந்த மின்னேற்றம் அடங்கி, துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்து கீழே இறங்கிவிடும். நம் பாட்டிமார் தண்ணீர்க் குடத்தில் படிகாரத்தைச் சுற்றியதும் இதே வேதியியல்தான். லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று வைத்தால், 150 டன்னுக்கு ஏழரைக் கிலோ.

அடுத்தது குளோரின். நீச்சல் குளத்துக்குப் போடும் கால்சியம் ஹைப்போகுளோரைட் பொடி தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. அந்த மூலக்கூறுக்கு மின்னேற்றம் இல்லை. பாக்டீரியாவின் வெளிச்சுவரைச் சுலபமாகக் கடந்து உள்ளே போய், அதன் நொதிகளைக் கெடுத்துவிடும். இதற்கு அரை மணி நேரமாவது விட வேண்டும். தெளிய வைக்காமல் நேரடியாகக் குளோரின் போட்டால், மண்ணும் அழுக்கும் அதைத் தின்று தீர்த்துவிடும். கிருமிகளும் துகள்களுக்குள் ஒளிந்து தப்பிக்கும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் போதும் என்றால், ஒரு நாளைக்கான குளோரின் பொடி ஒரு கிலோகூட ஆகாது. குழாயடியில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் மிஞ்சும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அழுக்கு வாளியில் பிடித்துக்கொண்டு போனாலும் அந்த மிச்சம் காவல் நிற்கும். காலராவைத் தடுப்பதில் அதன் பங்கு பெரிது. (எல்லாக் கிருமியும் குளோரினுக்கு மசியாது. கிரிப்டோஸ்போரிடியம் பிடிவாதக்காரன்.)

இந்தப் பொடி, மடக்கித் தூக்கக்கூடிய தண்ணீர்த் தொட்டி, கூடாரம் எல்லாம் பேரிடர் வந்த பிறகு வாங்கப்படுபவை அல்ல. கோலாலம்பூருக்கு அருகே சுபாங்கில் உலக உணவுத் திட்டம் நடத்தும் ஐ.நா. நிவாரணக் கிடங்கு இருக்கிறது. பிரிண்டிசி, துபாய், அக்ரா, பனாமா ஆகிய இடங்களிலும் இதே வலையமைப்பின் கிடங்குகள் உண்டு. ஆசியான் நாடுகளின் அவசரச் சரக்கும் 2012 முதல் சுபாங்கில் வைக்கப்பட்டிருக்கிறது. அழைப்பு வந்தால் ஓரிரு நாளில் அனுப்பிவிடும்படி எல்லாம் தயாராக இருக்கும்.

அனுப்பியது உடனே போய்ச் சேருமா என்பது வேறு கேள்வி. தைப்பூசத்தன்று பத்துமலைக்கு எத்தனை லட்சம் பேர் வந்தாலும், மேலே ஏறும் வேகத்தைப் படிக்கட்டின் அகலம்தானே முடிவு செய்கிறது? 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பின் காட்மாண்டுவிலும் அதே கதை. இருந்தது ஒரே ஓடுபாதை. பெரிய விமானங்கள் இறங்கி இறங்கி அதுவும் சேதமாக, 196 டன்னுக்கு மேற்பட்ட விமானங்களுக்குத் தடை போட்டார்கள். நல்லவேளையாக, சரக்கைப் பிரித்து அனுப்பும் நிவாரண வளாகம் ஒன்று அந்த விமான நிலையத்தில் ஒரு மாதத்துக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்தது. இப்படி முன்கூட்டிச் செலவழிப்பதற்கு ஏன் யாரும் உண்டியல் குலுக்குவதில்லை என்று எனக்கு எப்போதும் ஓர் ஆதங்கம்.

வழி இவ்வளவு குறுகலாக இருக்கும்போது வேண்டாத பொருள் வந்தால் அது வேண்டிய பொருளின் இடத்தை அடைத்துக்கொள்ளும். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. இந்தோனேசியாவின் ஆச்சேவுக்கு வந்து சேர்ந்த மருந்து ஏறக்குறைய 4,000 டன். அதில் பெரும்பகுதி அங்கே தேவைப்படாதது, பல பெட்டிகளின் மேல் எழுதியிருந்தது உள்ளூர் மருத்துவர்களுக்குப் புரியாத மொழி. உலகச் சுகாதார நிறுவனத்தின் அவசர மருந்துத் தொகுப்பு இதற்கு நேர் எதிர்: 10,000 பேருக்கு மூன்று மாதத்துக்கு என்னென்ன வேண்டும் என்று முன்பே கணக்கிட்டுக் கட்டி வைத்தது. கடைகள் திறந்திருக்கும் ஊராக இருந்தால் இவை எதையும்விடப் பணம் மேல்.

போரில் மட்டும் கணிதம் பாதியிலேயே நின்றுவிடும். எந்த லோரி, எந்தச் சாலை, எத்தனை மணிக்கு என்று போரிடும் தரப்புகளுக்கு முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்கினாலும் உத்தரவாதம் கிடையாது. மேலே சொன்ன குளோரின் பொடியையே ஆயுதத்துக்குப் பயன்படலாம் என்று சோதனைச் சாவடியில் நிறுத்தி வைக்கலாம். இலங்கைப் போரின்போது வன்னியிலிருந்து ஐ.நா.வின் வெளிநாட்டுப் பணியாளர்கள் 2008 செப்டம்பரில் வெளியேறினார்கள். 2009 பிப்ரவரி முதல் அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு, இரு தரப்பின் சம்மதத்தோடு, 13,000-க்கும் மேற்பட்ட காயமுற்றோர், நோயாளிகள், உறவினர்களைக் கப்பலில் வெளியே கொண்டுவந்தது. மே 9-க்குப் பிறகு சண்டை கடுமையானதால் கப்பல் கரையை நெருங்க முடியவில்லை. உணவும் மருந்தும் அதில் ஏற்றித்தான் இருந்தன.