முருங்கைக்காய், தேங்காய், அப்புறம்?

வெள்ளவத்தைச் சந்தைக்குப் புறப்பட்டபோது அம்மா மூன்றே சாமான்தான் சொல்லி அனுப்பினார்: முருங்கைக்காய், தேங்காய், பச்சை மிளகாய். காலி வீதியைக் கடக்கையில் போன் அடித்தது. சந்தைக்குள் ஒரு மரக்கறிக்காரரிடம் சிங்களத்தில் "கீயத?" என்று விலை கேட்டேன், பக்கத்துக் கடையில் தமிழுக்கு மாறினேன். வீட்டில் பையைத் திறந்தால் பச்சை மிளகாய் இல்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளையின் முன்மடல் அன்று கொஞ்சம் திணறிவிட்டது. மூளையின் வெளி அடுக்கான புறணியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். யோசிக்கிற இடம் என்பார்கள். என்னைக் கேட்டால், ஒன்றை நழுவ விடாமல் பிடித்து வைப்பதும் இன்னொன்றைத் தடுத்து நிறுத்துவதும்தான் அதன் பெரிய வேலை.

பிடித்து வைப்பதை 1971இல் குரங்குகளிடம் பார்த்தார்கள். உணவு இருக்கும் இடத்தைக் காட்டி, மறைத்து, காக்க வைத்தார்கள். பார்க்க எதுவும் இல்லாத அந்த இடைவெளியிலும் முன்மடலின் சில நரம்புக்கலங்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன.

தடுப்பதை நீங்களே சோதிக்கலாம். 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதி, மையின் நிறத்தை மட்டும் சொல்லிப் பாருங்கள். நாக்கு 'சிவப்பு' என்று முந்தப் பார்க்கும். ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் 1935இல் வெளியிட்ட சோதனை இது. வாசிப்பு அவ்வளவு பழகிவிட்டது. அதை அடக்கத்தான் முன்மடல் பாடுபடுகிறது. சரி, அதே சொல்லைச் சிங்கள எழுத்தில் எழுதினால்? சிங்களம் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர்கள் (நம்மில் எத்தனை பேர்!) தடுமாறவே மாட்டார்கள். அடக்குவதற்கு உள்ளே எதுவும் எழவில்லையே.

இந்த மடல் சிதைந்தால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் கதை பினியஸ் கேஜுடையது. 1848இல் அமெரிக்காவின் வெர்மாண்டில், ரயில் பாதை வேலையில், ஒரு மீட்டருக்கும் நீளமான இரும்புக் கம்பி அவருடைய இடது முன்மடலைத் துளைத்துக்கொண்டு போனது. பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆனால் வாய்க்கு வந்தபடி திட்டினார். போட்ட திட்டம் எதிலும் நிலைக்கவில்லை என்று மருத்துவர் ஹார்லோ எழுதினார். பலர் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. பிற்காலத்தில் கேஜ் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் அதே வேலை, அதே ஒழுங்கு. அதுவே அவரைத் தாங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

அம்மா இப்போதெல்லாம் சாமான்களைத் துண்டில் எழுதித் தருகிறார்.