கோபெக்கை யாரும் வார்க்கவில்லை

ஜார் காலத்து ரஷ்யாவைப் பற்றித் தமிழில் எதை எடுத்தாலும் 'வெள்ளி நாணயங்கள் வார்க்கப்பட்டன' என்ற வரி தட்டுப்படுகிறது. அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பில் 'நாணய வார்ப்பகம்' என்று புதுச்சொல்லே முளைத்திருந்தது. போதும்.

ரஷ்ய மொழியில் 'கொப்யோ' என்றால் ஈட்டி. அந்தக் காலத்து ரஷ்ய வெள்ளிக்காசான கோபெக்கின் பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். 1535இல், சிறுவன் நான்காம் இவானின் தாய் எலேனா கிளின்ஸ்கயாவின் ஆட்சியில் நாணயங்களை ஒழுங்கு செய்தபோது ஈட்டி ஏந்திய குதிரைவீரன் காசில் ஏறினான். நூறு கோபெக் ஒரு ரூபிள். அந்த ரூபிளும் அன்று கணக்கில்தான் உண்டு, கையில் கிடையாது. பெயர்க்கதை இவ்வளவே.

வார்ப்பது என்றால் உருக்கி ஊற்றி எடுப்பது. சிலை வார்க்கிறோம், மணி வார்க்கிறோம். 1586இல் ஆந்திரேய் சோகவ் மாஸ்கோவில் செய்த ஜார் பீரங்கி வார்ப்புதான். கோபெக் அப்படியல்ல. வெள்ளியைக் கம்பியாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, தட்டையாக்கி, இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் ஓர் அடி. தொடக்கத்தில் எடை 0.68 கிராம். அச்சைவிடத் துண்டு சிறியது என்பதால் ஜாரின் பெயரில் பாதி விளிம்புக்கு வெளியே போய்விடும். ரஷ்யர்கள் இவற்றைச் செதில் என்றே சொல்கிறார்கள். வார்த்த காசில் எழுத்து இப்படி வெட்டுப்படுமா?

அன்றைய ரஷ்யாவில் வெள்ளிச் சுரங்கம் இல்லை, ஐரோப்பாவின் பெரிய வெள்ளிக்காசுகளான தாலர்களை உருக்கித்தானே கம்பி இழுத்தார்கள் என்று எதிர்வாதம் வரும். பஞ்சை நூற்றுத்தான் சேலை வருகிறது. சேலையை நூற்றாள் என்று எழுதுவோமா? தவிர, 1655இல் உருக்கவே இல்லை. தாலரின் மேலேயே கோபெக் குதிரைவீரனையும் ஆண்டையும் குத்தி, 64 கோபெக் என்று மதிப்பு வைத்துப் புழக்கத்தில் விட்டார்கள். இதை எந்த வார்ப்பகத்தில் சேர்ப்பது?

'அச்சிட்டார்கள்' தேவலை, ஆனால் இன்று அதில் காகித வாடை அடிக்கிறது. 'அச்சடித்தார்கள்' எனக்குச் சம்மதம். 'காசு அடித்தார்கள்' இன்னும் நேர். ரஷ்ய மொழியின் 'செக்கானித்' சொல்வதும் அடிப்பதைத்தான். பேச்சுவழக்கில் 'காசடித்தான்' என்றால் திருடினான் என்றாகிவிடுமே என்று மொழிபெயர்ப்பாளர்கள் கூசுகிறார்கள். 'கள்ளக்காசு அடித்தான்' என்று எழுதும்போது அந்தக் கூச்சம் எங்கே போகிறது?

அடித்த இடத்துக்கு 'அக்கசாலை' இருக்கிறது. கொற்கைக்குப் பக்கத்தில் ஊர்ப்பெயராகவே நிற்கிறது. சென்னைக்காரர்களுக்குத் தங்கசாலை பழக்கம், ஆனால் வெள்ளி அடித்த மாஸ்கோவுக்கு அது ஒட்டாது.

வார்த்தலை விடவே மாட்டேன் என்பவர்களுக்கு ஓர் இடம் தருகிறேன்: கள்ளக்காசு செய்தவன் தொண்டையில் உருக்கிய உலோகத்தை வார்க்கச் சொன்னது ரஷ்யாவின் 1649ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு.