முக்குக்கு முக்கு வழி கேட்கும் பாக்கெட்

மதுரை வில்லாபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பிளஸ் டூ படிக்கிற அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, வைஃபை ஃபுல்லா காட்டுது. ஆனா ஒரு பேஜும் ஓப்பன் ஆக மாட்டேங்குது."

வைஃபை முழுசாகக் காட்டினால், லேப்டாப்புக்கும் ஹாலில் இருக்கிற ரூட்டருக்கும் நடுவே சிக்கல் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். ரூட்டரைத் தாண்டி என்ன நடக்கிறது என்று அந்தக் கோடுகளுக்குத் தெரியாது. கட்டளைத் திரையைத் திறந்து, 8.8.8.8 என்ற முகவரிக்கு, வழியில் இருக்கிற கருவிகளை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் என்ற கட்டளையைக் கொடுக்கச் சொன்னேன். கூகுள் நடத்துகிற சர்வர் அது. எந்நேரமும் பதில் சொல்லும் என்பதால் சோதித்துப் பார்க்க வசதி.

வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. முதல் வரியில் 192.168.1.1, போய்வந்த நேரம் 1 மில்லிநொடி. அது அவர்கள் வீட்டு ரூட்டரேதான். இரண்டாவது வரி, இணைப்புக் கொடுத்தவர்களின் கருவி. மூன்றாவதில் எண் எதுவும் இல்லை, மூன்று நட்சத்திரக் குறிகள் மட்டும். ஒன்பதாவது வரியில் 8.8.8.8 வந்து நின்றது, 19 மில்லிநொடி.

"போய்ச் சேருதே மாமா, அப்புறம் என்ன?" என்றான். அதற்குப் பதில் சொல்ல, இந்த ஒன்பது வரி எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

இணையத்தில் எதுவும் முழுசாகப் போவதில்லை. 3 எம்பி போட்டோ ஒன்றை அனுப்பினால், அது 1,500 பைட்டுக்குள் அடங்கும் துண்டுகளாக, ஏறக்குறைய 2,000 பாக்கெட்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் அனுப்புகிறவர் முகவரியும் பெறுகிறவர் முகவரியும் இருக்கும். எந்த வழியாகப் போக வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்காது.

மேல மாசி வீதியில் ஒரு வீட்டுக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒருவர் கிளம்புகிறார் என்று வையுங்கள். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் "மதுரை" என்றால் போதும், பஸ்ஸைக் காட்டிவிடுவார்கள். மேல மாசி வீதி எங்கே என்று அங்கே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மாட்டுத்தாவணியில் இறங்கியதும் "மதுரை" என்று சொல்லிப் பயனில்லை, "மேல மாசி வீதி" என்று கேட்க வேண்டும். வீதிக்குள் வந்த பிறகுதான் கதவிலக்கம். முழு வழியும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் "அங்குட்டுப் போய்க் கேளுங்க" என்று அடுத்த முக்கைக் காட்டினார்கள், ஆள் வந்து சேர்ந்துவிட்டார்.

இணையத்தின் முக்குகளில் இருக்கிற ரூட்டர்கள் செய்வதும் இதுவேதான். 8.8.8.8 போன்ற முகவரி 32 பிட் எண், அதாவது 0, 1 என்று 32 இலக்கம். தொலைவில் இருக்கிற ரூட்டர் அதன் முன்பகுதியை மட்டும் பார்த்து "இந்த வகை எண்ணெல்லாம் அந்தப் பக்கம்" என்று தள்ளிவிடும். நெருங்க நெருங்க, எண்ணின் நீளமான பகுதியைப் பார்க்கிற ரூட்டர்கள் வரும். அதனால்தான் இப்படி அமையக்கூடிய சுமார் 430 கோடி முகவரிகளையும் ஒரே பட்டியலாக யாரும் வைத்திருக்க வேண்டியதில்லை.

சரி, முக்கில் நிற்கிறவர் தப்பாகக் காட்டிவிட்டால்? இவர் அவரைக் காட்ட, அவர் திரும்ப இவரையே காட்ட, பாக்கெட் காலத்துக்கும் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஆயுள் எண் ஒன்று உண்டு. விண்டோஸ் பெரும்பாலும் 128 என்று வைத்து அனுப்பும், ஆண்ட்ராய்டு 64. தாண்டுகிற ஒவ்வொரு ரூட்டரும் அதில் 1 கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டை அங்கேயே கைவிட்டு, "உன் பாக்கெட் என்னிடம் செத்தது" என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும்.

இந்த இறப்புத் தகவலையே துப்பாக மாற்றியதுதான் ட்ரேஸ்ரூட். 1980களின் கடைசியில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் எழுதினார். ஆயுள் 1 என்று வைத்து ஒரு பாக்கெட்டை அனுப்பு, முதல் ரூட்டரிடம் செத்து அதன் முகவரி தெரியவரும். ஆயுள் 2 வைத்தால் இரண்டாவது ரூட்டர். இப்படியே கடைசி வரைக்கும். வழியைக் கேட்காமலே வழி முழுவதையும் வரைந்துவிடுகிறது, எனக்கு இன்றைக்கும் இதைவிடப் பிடித்த தந்திரம் கிடையாது. மூன்றாவது வரியில் நட்சத்திரம் வந்தது பழுது இல்லை. அந்த ரூட்டர் தகவல் சொல்வதில்லை, அவ்வளவுதான். அதைத் தாண்டி நான்காவது வரி வந்ததே அதற்குச் சாட்சி.

19 மில்லிநொடியையும் அவனைக் கணக்குப் போடச் சொன்னேன். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அந்த சர்வர் சென்னையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து சென்னைக்குச் சாலை வழியில் 460 கிலோமீட்டர் சொச்சம். போய்வர 5 மில்லிநொடிகூட ஆகாது. மிச்சம், கேபிள் சுற்றிப் போகிற தூரமும் முக்குகளில் வரிசையில் நின்ற நேரமும்.

இந்த வரிசைதான் இணையத்தை ஒருமுறை கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டது. 1986 அக்டோபரில், அதே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போன இணைப்பு 40 பிட்டுக்கு இறங்கியது. ரூட்டரில் இடம் நிரம்பினால், வருகிற பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். அது போய்ச் சேரவில்லை என்று கண்டுபிடித்து மறுபடி அனுப்புவது, இரு முனைக் கணினிகளிலும் ஓடுகிற டிசிபி என்ற விதிமுறையின் வேலை. அன்றைக்கு எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் மறுபடி மறுபடி அனுப்பின. நெரிசல் கூடியது, இழப்பு கூடியது, அதனால் இன்னும் அனுப்பின. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று ஏ.வி. பாலத்துப் பக்கம் நின்று, போன் கிடைக்கவில்லை என்று எல்லோரும் திரும்பத் திரும்ப டயல் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

வான் ஜேக்கப்சன் கண்ட தீர்வு, ரூட்டரைத் தொடவே இல்லை. பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் சேதியாக எடுத்துக்கொள், உடனே வேகத்தைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. எதிர்முனையில் பெற்ற ரசீது வந்தால்தான் அடுத்தது. போலீஸ்காரர் யாரும் நிற்காத சாலையில், கோடிக்கணக்கான வண்டிகள் தாங்களாகவே வழிவிட்டுப் போகின்றன. 1988இல் அவர் எழுதிய அந்த முறை பல மாற்றங்களோடு இன்றைக்கும் நம் போனில் ஓடுகிறது.

அப்புறம், அவன் லேப்டாப்புக்கு வருவோம். 8.8.8.8 கிடைக்கிறது. இப்போது எண்ணுக்குப் பதில் ஒரு தளத்தின் பெயரைக் கொடுக்கச் சொன்னேன். பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. பிடிபட்டுவிட்டது. பாக்கெட்டுக்கு எண்தான் தெரியும், நமக்குப் பெயர்தான் தெரியும். பெயரை எண்ணாக்கித் தருவது டிஎன்எஸ், 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்தது. கேள்வி ஒரு பாக்கெட், பதில் பெரும்பாலும் ஒரு பாக்கெட். இணைப்புக் கொடுத்தவர்களின் டிஎன்எஸ் சர்வர் அன்றைக்குப் படுத்துவிட்டது. சாலை சும்மா கிடக்கிறது, விலாசம் சொல்ல ஆள் இல்லை.

சோதிக்க எடுத்த அந்த 8.8.8.8 ஒரு டிஎன்எஸ் சர்வர்தான். நெட்வொர்க் செட்டிங்கில் பழைய எண்ணை எடுத்துவிட்டு இதைப் போட்டான். பேஜ் திறந்தது.

போன வாரம் போனபோது பார்த்தேன். ரூட்டருக்கு மேல் சுவரில், கேஸ் புக்கிங் நம்பருக்குக் கீழே, பென்சிலால் 8.8.8.8 என்று எழுதியிருந்தது. அக்காவின் கையெழுத்து.