பத்திரம் பதிந்தாயிற்றே, அப்புறம் என்ன பயம் என்பவர்களுக்கு

"கவர்மெண்ட் ஆபீசிலதானே சார் பதிஞ்சோம். போட்டோ எடுத்தாங்க, கைரேகை வாங்கினாங்க. இப்ப எப்படி சார் முழுசா எனக்கில்லைன்னு சொல்றீங்க?"

சிவில் வழக்கு நடத்தும் எந்த வக்கீலைக் கேட்டாலும் இந்தக் கேள்வி அவருக்கு மனப்பாடமாக இருக்கும். எனக்குக் கடைசியாக வந்தது ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து. பி.எஃப். பணம் மொத்தத்தையும் போட்டு மனை வாங்கியிருக்கிறார். விற்றவர் பெயரில் பட்டா இருந்தது, ஈசியில் (வில்லங்கச் சான்றில்) எதுவும் இல்லை, பதிவும் சுமுகமாக முடிந்தது. காம்பவுண்டு சுவர் எழுப்பிய பிறகு விற்றவரின் தங்கைகள் இருவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டுவிட்டார்கள். நிலம் அவர்களுடைய அப்பா சுயமாகச் சம்பாதித்தது. அம்மா முன்பே காலமாகிவிட்டார். அப்பா உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். மூன்று பிள்ளைகள், மூன்று பங்கு. அண்ணனுக்கு இருந்ததே மூன்றில் ஒன்று. அவர் முழு மனைக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் வாங்கியவருக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஒன்றுதான்.

சார்பதிவாளர் இதைக் கவனிக்க வேண்டாமா என்று வாங்கியவர் கேட்டார். வேண்டாம். அது அவருடைய வேலையே இல்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் பதிவு செய்வது ஆவணத்தை. இன்னார், இன்ன தேதியில், இன்னாருக்கு இப்படி ஒரு ஆவணம் எழுதிக்கொடுத்தார் என்பதற்கு அரசாங்கப் புத்தகத்தில் ஒரு பதிவு, அவ்வளவுதான். எழுதிக்கொடுத்தவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருந்ததா, பாதி இருந்ததா, சுத்தமாக இல்லையா என்று சார்பதிவாளர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார் என்பதற்காகக் கடிதத்தில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா? முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிய மறுக்கலாம் என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்கும் அதிகாரம் பதிவு அலுவலருக்கு இல்லை என்பதே காரணம். அதேபோல, மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022இல் வந்த 77-ஏ பிரிவையும் 2024இல் சென்னை ஹைகோர்ட் எடுத்துவிட்டது. உரிமை யாருக்கு என்று கடைசியாகச் சொல்ல வேண்டியது சிவில் நீதிமன்றம். அங்கே எத்தனை வருடம் ஆகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"சிங்கப்பூர்ல என் மச்சான் வாங்கினான், அங்க ரிஜிஸ்டர்ல பேர் ஏறினா யாரும் அசைக்க முடியாதாமே" என்பார்கள். உண்மைதான். அது டாரன்ஸ் முறை. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்தது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது. அங்கே பதிவேட்டில் பெயர் ஏறுவதே உரிமை. நம் ஊரில் அந்த முறை இல்லை. பக்கத்தில் ஆந்திராவில் அந்த மாதிரி ஒரு நில உரிமைச் சட்டத்தை 2023இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். உரிமைத் தகராறைக் கோர்ட்டிடமிருந்து பிடுங்கி அதிகாரிகளிடம் கொடுப்பதா என்று வக்கீல்கள் போராட, அது தேர்தல் விவகாரமாகி, 2024இல் ஆட்சி மாறியதும் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். இதில் வக்கீல்களின் பிழைப்பும் கலந்திருக்கிறது என்று நீங்கள் சிரித்தால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் பழைய பதிவேட்டில் உள்ள தப்பைத் திருத்தாமல் அதற்கு அசைக்க முடியாத அந்தஸ்து கொடுத்தால், அந்தத் தப்பும் அசைக்க முடியாததாகிவிடும்.

பழைய பதிவேட்டில் என்ன தப்பு என்கிறீர்களா? 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த யுடிஆர் கணக்கெடுப்பைக் கேளுங்கள். அப்போது வீட்டில் இருந்த மூத்த மகன் பெயரைச் சொல்லியிருப்பார்கள், பட்டா அவர் பெயருக்கே ஏறியிருக்கும். தம்பிகள், கல்யாணமாகிப் போன தங்கைகள் யாருடைய பெயரும் இருக்காது. பட்டா என்பது நிலவரி வசூலுக்கான வருவாய்த்துறைக் கணக்கு. அது மட்டுமே உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நம் ஓய்வுபெற்றவர் நம்பி ஏமாந்ததும் அப்படி ஒரு யுடிஆர் பட்டாவைத்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ பதிவே வேண்டாம், செலவு மிச்சம்" என்று கிளம்புகிறவர்கள் இன்னொரு வகை. அவர்களிடம் எனக்குக் கோபம் அதிகம். 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயம் பதியாமல் செல்லாது. பதிந்தால் உங்கள் பேர் ஈசியில் ஏறுகிறது, அதே சொத்தை விற்றவர் மறுபடி இன்னொருவருக்கு விற்றால், எனக்குத் தெரியாது என்று அந்த இரண்டாவது ஆள் சொல்ல முடியாது. வங்கி கடன் கொடுக்கும். பத்திரம் தொலைந்தாலும் நகல் எடுக்கலாம். இவ்வளவும் கிடைக்கும்போது, சொத்து விஷயத்தில் தனக்குப் பதிலாகச் செயல்பட உரிமையாளர் எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு சொத்து வாங்கிவிட்டேன் என்று சொல்லாதீர்கள். பவர் வாங்கினால் உரிமை வராது என்று சுப்ரீம் கோர்ட் 2011லேயே சொல்லிவிட்டது. எழுதிக்கொடுத்தவர் கண்ணை மூடினால் சாதாரணப் பவரும் அவரோடு போய்விடும்.

செலவு கசக்கத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறேன். கிரயத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். 20 லட்ச ரூபாய் மனைக்கு 1,80,000 ரூபாய் அரசாங்கத்துக்கே போகிறது. எழுத்துக்கூலி, மற்ற 'சம்பிரதாயங்கள்' தனி. பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது. குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் எழுதினால் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இதற்கும் கஞ்சத்தனப்பட்டு, வெள்ளைத்தாளில் பாகம் பிரித்து ஊர்ப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கி பீரோவில் வைக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள்.

செலவைக் குறைக்கிறேன் என்று அரசாங்கம் நிர்ணயித்த கைடுலைன் மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டு மீதியைக் கையில் கொடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். நாளைக்கு விற்றவருக்கு உரிமை இல்லை என்று ஆனால், பத்திரத்தில் எழுதிய தொகையைத்தான் திருப்பிக் கேட்க முடியும். கையில் கொடுத்ததை நிரூபிக்கப் போனால் வருமானவரித் துறைக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த ஓய்வுபெற்றவரின் பத்திரத்தில் உள்ள தொகை அவர் கொடுத்ததில் பாதிகூட இல்லை. அவர் தன் சுவர் இருக்கும் பக்கத்தை அண்ணனுடைய பங்கில் ஒதுக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம், கேட்கவும் போகிறோம். அதற்கு மேல் கையில் பெரிதாக எதுவும் இல்லை.

சரி, வாங்கும் முன் என்ன செய்ய வேண்டும்? முதலில் ஈசியை மட்டும் பார்த்துவிட்டுத் துள்ளாதீர்கள். பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். பதியாத உயில், சாகும்போது தானாக உருவாகும் வாரிசு உரிமை, நடந்துகொண்டிருக்கும் பாகவழக்கு ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்காது. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். சங்கிலியில் எங்கே ஒருவர் இறந்திருக்கிறாரோ அங்கே நின்று வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் உள்ள அத்தனை பேரும், முக்கியமாகப் பெண்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "பொண்ணுங்களுக்குச் சீர் செஞ்சாச்சு சார்" என்பது பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஆகாது. இந்து வாரிசுச் சட்டப்படி அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு 1956 முதலே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் 2005இல் வந்துவிட்டது. அப்பா 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உண்டு என்று 2020இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியும் விட்டது. இன்னும் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்?

மனைப்பிரிவு என்றால் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். 20.10.2016க்கு முன் மனையாகப் பதிவாகாத, அங்கீகாரமும் இல்லாத மனையைப் பதியவே மாட்டார்கள். 50 லட்சமோ அதற்கு மேலோ விலை என்றால் வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்று பிடித்து வருமானவரித் துறைக்குக் கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு நோட்டீஸ் வந்ததும் ஓடிவருகிறவர்கள் தனி ரகம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் எல்லாக் காகிதங்களையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை. புரோக்கர் கூட்டிப்போகும் வக்கீலிடம் மட்டும் போகாதீர்கள். காகிதங்களைப் பார்த்துச் சொல்லும் கருத்துரைக்கு நாங்கள் வாங்கும் பீஸைப் பாகவழக்கில் முதல் வாய்தாக்களிலேயே செலவழித்துவிடுவீர்கள்.

பதிந்து முடித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முழு சர்வே எண்ணையும் வாங்கியிருந்தால், உட்பிரிவு தேவைப்படாதபோது, பட்டா ஆன்லைனிலேயே மாறும். ஒரு பகுதியை வாங்கியிருந்தால் உட்பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் அளக்க வரும் நாளில் நீங்கள் அங்கே இருங்கள், பக்கத்து நிலத்துக்காரரையும் வரச் சொல்லுங்கள். கூட்டுப் பட்டாவிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். கல் நட்ட பிறகு எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) நகலை வாங்கி, பத்திரத்தில் உள்ள நான்கு எல்லையோடும் அளவோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் விற்றவர் உயிரோடும் நட்போடும் இருக்கும்போதே பிழைத்திருத்தப் பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள்.