வேஸ்ட்: பாழா, கழிவா, குப்பையா?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சத்துணவு நேரம். திருப்பூர்ப் பக்கத்துச் சின்ன அரசுப் பள்ளி அது. கைகழுவும் குழாயருகே பச்சையில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக இரண்டு வாளிகள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி முட்டை ஓட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவற்றின் முன்னால் நின்றாள். “வேஸ்ட்டை எல்லாம் அங்க போடு கண்ணு” என்றார் சமையல்கார அம்மா. அவள் போடவில்லை. “டீச்சர், முட்டை ஓடு மக்குங்களா?” என்று கேட்டாள். “மக்கும் சாமி, நாளாகும். நல்லா நுணுக்கிப் போடு” என்று பதில் வந்தது.

வேஸ்ட் என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. வேர் லத்தீனில் இருக்கிறது: வாஸ்டுஸ். வெறுமையான, பாழ்பட்ட என்று பொருள். முதலில் அது குறித்தது நிலத்தைத்தான். தூக்கிப் போடும் பொருளுக்கு ஆகிவந்தது பிற்பாடு. இதற்குச் சாட்சி நம் வருவாய்த்துறைப் பதிவேடுகளிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் ‘அசெஸ்டு வேஸ்ட்’ என்று எழுதியது தமிழில் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ ஆனது. அங்கே வேஸ்ட் என்றால் உழாமல் கிடக்கும் காடு (எங்கள் பக்கத்துப் பேச்சில் காடு என்றால் விளைநிலம்), அவ்வளவுதான்.

இன்று அந்த ஒரு சொல் நம்முடைய ஐந்தாறு சொற்களை விழுங்கிவிட்டது. தண்ணி வேஸ்ட், சோறு வேஸ்ட், வேஸ்ட் பேப்பர், ஏன், “அந்தப் பையன் வேஸ்ட்டுங்க” என்பதுவரை வந்துவிட்டது. தமிழில் யோசித்தால் இவை வேறு வேறு. குழாய் சொட்டினால் தண்ணீர் வீணாகிறது. அதற்கு எந்த வாளியும் உதவாது, குழாயைத்தான் சரிசெய்ய வேண்டும். சோறு மிஞ்சுகிறது, அதற்கு வழி, முதலில் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுவது. பெயரைச் சரியாகச் சொன்னால் செய்ய வேண்டிய வேலையும் கூடவே தெரிந்துவிடுகிறது. பள்ளியில் சொல்லைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

அலுவல் தமிழில் வேஸ்ட்டுக்கு நேராக நிற்பது கழிவு. 2016-இல் வந்த விதிகளுக்குத் தமிழில் ‘திடக்கழிவு மேலாண்மை விதிகள்’ என்றுதான் பெயர். கழிவு, ‘கழி’ என்ற வினையிலிருந்து பிறந்தது. கணக்கில் கழித்தல், மண்டியில் எடைக்குப் பிடிக்கும் கழிவு எல்லாம் அதே வேர். ஒன்றிலிருந்து எடுத்துத் தள்ளியது என்று பொருளே தவிர, எதற்கும் ஆகாதது என்று பொருள் இல்லை. கொங்கு நாட்டுக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நூற்பாலையில் தள்ளிய கழிவுப் பஞ்சை வாங்கித்தான் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்கள் நூல் எடுக்கின்றன. பனியன் கம்பெனியில் வெட்டியதுபோக விழும் துண்டுத்துணி, பனியன் வேஸ்ட் என்ற பெயரில் எடைபோட்டு விற்கப்பட்டு, இயந்திரம் துடைக்கப் போகிறது.

எனக்குப் பிடித்த சொல் குப்பை. குவியல் என்பதே அதன் பழைய பொருள். நற்றிணையில் (331) உமணர் (உப்பு வணிகர்) வருவதை எதிர்பார்த்துக் கானலில் (கடற்கரைச் சோலையில்) குவித்து, காவல் வைத்த உப்பு ‘காவற் குப்பை’. விலைபோகும் சரக்குக்கு அந்தப் பெயர்! சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பை என்ற ஊர்ப்பெயரிலும் குப்பை இருக்கிறது. அதே சங்க காலத்தில், கோழி கிளறும் குப்பையும் உண்டு: ‘குப்பைக் கோழித் தனிப்போர்’ என்று பாடியவருக்குக் குப்பைக்கோழியார் என்றே பெயர் நின்றுவிட்டது (குறுந்தொகை 305). அப்புறம் நம் பக்கத்துப் பேச்சுக்கு வாருங்கள். கட்டுத்தரையில் வழித்த சாணமும் மாடு தின்று கழித்த சோளத்தட்டும் குழியில் கிடந்து மட்கினால் அது குப்பை. “காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சுங்களா?” என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எங்கள் அப்பாருக்கு (தாத்தாவுக்கு) ஒரு வண்டிக் குப்பை என்பது சொத்துக் கணக்கு. பிளாஸ்டிக் வந்து கலந்த பிறகுதான் குப்பை காட்டுக்குப் போகாமல், கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பாறைக்குழிக்குப் போகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும், மிட்டாய் உறையும் நொறுக்குத்தீனி உறையும் பள்ளி வாசல்வரை வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மக்கும் குப்பையில் உள்ள மக்கு, ‘மட்கு’ என்பதன் பேச்சு வடிவம். வெட்கம் வெக்கம் ஆனதுபோல. ஒளி மழுங்குதல் என்றும் பொருள் உண்டு. மந்தமானவரை மக்கு என்பது அந்த வழியில் வந்ததுதான். பிள்ளைகளை அப்படித் திட்டுவதை நான் ஒப்புவதில்லை. வாளியில் அது நல்ல சொல், வகுப்பில் வேண்டாம்.

ஆக, வேஸ்ட்டுக்கு ஒற்றைத் தமிழ்ச்சொல் தேட வேண்டியதில்லை. செயலுக்கு வீண், தட்டில் நின்றதற்கு மிச்சம், வேலையில் தள்ளியதற்குக் கழிவு, கூட்டிக் குவித்ததற்குக் குப்பை, அது மட்கினால் எரு.

அந்தப் பள்ளியின் பின்புறம், முருங்கை மரத்தடியில் ஒரு குழி இருக்கிறது. உள்ளே வேப்பஞ்சருகும் காய்த்தோலும் நொறுங்கிய முட்டை ஓடும். மேலே தகரப் பலகையில் ‘வேஸ்ட் பிட்’ என்று எழுதியிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதை அழித்து ‘எருக்குழி’ என்று எழுதக் கேட்கப்போகிறேன். பெயின்ட் செலவு என்னுடையது.