மருந்து டப்பாவுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும்

பல வீடுகளில் மருந்துக்கென்று தனி இடம் கிடையாது. சுகர் மாத்திரை டிவி பக்கத்தில், குழந்தையின் சிரப் ஃபிரிட்ஜ் கதவில், மிச்சம் மீதியெல்லாம் பழைய பிஸ்கட் டப்பாவில். மருந்துக்கடைக்கு வரும் குழப்பங்கள் பல அந்த டப்பாவில் தொடங்கியவைதான்.

முதலில் அதை இரண்டாகப் பிரியுங்கள். தினமும் சாப்பிடுவது ஒன்றில், காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கானது இன்னொன்றில். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியும் குளியலறையும் வேண்டாம். சூடும் ஈரமும் மாத்திரையைக் கெடுக்கும். குழந்தை கைக்கு எட்டாத உயரம் முக்கியம். சத்து மாத்திரைதானே என்று அலட்சியமாக வைக்கும் இரும்புச்சத்து மாத்திரைகூட, சின்னக் குழந்தை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கு ஆபத்து.

அடுத்தது, மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும் பழக்கம். காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரம் போய்விட்டால் மீதி நாலு மாத்திரையும் அநாமதேயம். தேதி இல்லாத பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வாருங்கள். கடையில் பாதி அட்டை வாங்கினால், பெயரும் தேதியும் உள்ள பகுதியை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 08/2027 என்று போட்டிருந்தால் ஆகஸ்ட் 31 வரை என்று பொருள்.

திறந்த பிறகு அந்தத் தேதி செல்லாத மருந்துகளும் உண்டு. கண் சொட்டு மருந்தைப் பொதுவாகத் திறந்து 4 வாரத்தில் தூக்கிப் போட வேண்டும். பவுடரில் தண்ணீர் கலந்து தரும் அமாக்சிசிலின்–கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக் சிரப்பை ஃபிரிட்ஜில் வைத்து 7 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு 24 மணி நேரம்தான். திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே பேனாவால் எழுதினால் போதும், வேறு வித்தை எதுவும் இல்லை. இன்சுலினை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஃப்ரீசருக்கு ஒட்டினாற்போல் வைத்து உறைந்துவிட்டால், உருகினாலும் அது பயன்படாது.

பாராசிட்டமாலில் நடக்கும் தவறு தனி ரகம். குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மில்லிக்கு 125 மி.கி., சிலவற்றில் 250 மி.கி. மூன்றுமே ஒரே டப்பாவில் கிடக்கும். 125 மி.கி. சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். பாட்டிலோடு வந்த அளவுமூடியையோ டிராப்பரையோ அந்தப் பாட்டிலோடே ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். வீட்டு ஸ்பூனை நம்பாதீர்கள். பெரியவர்களுக்கான சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. காய்ச்சல் மாத்திரையோடு அதையும் சேர்த்துப் போடும் முன் அட்டையைப் படியுங்கள்.

தினசரி மாத்திரைக்கு ஏழு நாள், மூன்று வேளை என அறை பிரித்த டப்பா நல்லது. வாரம் ஒருநாள், டிவி ஓடாத நேரத்தில், டாக்டர் சீட்டைப் பார்த்து நிரப்புங்கள். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்துக்கு அறையைத் திறந்தாலே பதில் கிடைக்கும். விட்டுப்போனதற்கு ஈடாக இரண்டாகப் போடக் கூடாது. வலிப்புக்கான வால்புரோயேட் ஈரத்தை இழுக்கும் மருந்து. அதை அட்டையிலேயே விட்டுவிடுங்கள். தைராய்டு மாத்திரையை அதன் பாட்டிலோடு பல் துலக்கும் இடத்துக்கு அருகே, ஈரம் படாத தட்டில் வைத்தால் வெறும் வயிற்றில் போடுவது தானாக நடக்கும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரே ஒரு நாள் தரும் மருந்து. மற்ற மாத்திரைகளோடு கலந்து தினமும் போட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவதே குறைந்துபோகும், உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. இதைத் தினசரி டப்பாவுக்குள் விடவே கூடாது. தனிக் கவரில் ‘திங்கள் மட்டும்’ என்று, டாக்டர் சொன்ன கிழமையைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, வீட்டில் இன்னொருவர் பொறுப்பில் வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு டப்பாக்களையும் கொட்டிப் பாருங்கள். காலாவதியான மருந்தும் ஊசியும் வீட்டு அபாயக் கழிவு. குப்பையோடு கலக்காமல் தனியாகக் கட்டி, அபாயக் கழிவு என்று சொல்லி, குப்பை வாங்க வருபவரிடம் கொடுங்கள். ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்கிவிடுங்கள்.